உஷஸ்தி மறுத்த தண்ணீர்

குரு நாட்டுப் பயிர்களெல்லாம் ஆலங்கட்டி மழையால் அழிந்துபோன ஒரு பஞ்ச காலத்தில், உஷஸ்தி சாக்ராயணர் என்னும் வேதவித்து தம் மனைவியோடு யானைக்காரர்கள் வாழ்ந்த ஒரு கிராமத்தில் வந்து தங்கியிருந்தார் என்றும், பசி பொறுக்கமாட்டாமல், அங்கே மட்டமான பயற்றைத் தின்றுகொண்டிருந்த ஒருவனிடம் சென்று யாசித்தார் என்றும் சாந்தோக்கிய உபநிஷத்து கூறுகிறது. தன் முன்னே இருக்கும் எச்சிற் பயற்றைத் தவிர வேறொன்றும் தன்னிடம் இல்லை என்று அவன் சொல்ல, அதிலிருந்தே தரும்படி கேட்டு வாங்கி உண்ட உஷஸ்தி, பின்னர் அவன் குடிப்பதற்குத் தண்ணீரை நீட்டியபோது, அது எச்சில் ஆயிற்றே என்று மறுத்துவிட்டார். பயறும் எச்சில்தானே என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. பயற்றை உண்ணாவிட்டால் உயிர் தங்கியிராது, தண்ணீரோ எங்கும் கிடைக்கும் என்பது அவர் அளித்த விடையின் சாரம்.

பிரம்ம சூத்திரமும் அதன் உரைகளும் இக்கதையை எடுத்தாண்டு, உயிருக்கு அபாயம் நேருமிடத்தில் எந்த அன்னமும் கொள்ளத்தக்கதே என்பதற்கும், அந்த அனுமதி அபாயத்தின் எல்லைக்கு அப்பால் ஓர் அடியும் செல்லாது என்பதற்கும் இதையே பிரமாணமாகக் காட்டுகின்றன. ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. மீந்த பயற்றை உஷஸ்தி மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அவளுக்கு முன்பே பிச்சை கிடைத்திருந்தமையால் அதை வாங்கி வைத்துக்கொள்ளுகிறாள். மறுநாள் விடியற்காலையில், சிறிது உணவு கிடைக்குமானால் எழுந்து போய் அரசன் செய்யும் யாகத்தில் பொருள் ஈட்டலாமே என்று அவர் சொல்ல, அவள் அந்தப் பழைய பயற்றையே எடுத்துக் கொடுக்க, அவரும் உண்டு புறப்படுகிறார். உபந்நியாசம் செய்பவர்கள் தண்ணீரை மறுத்த இடத்தோடு கதையை நிறுத்திக்கொள்வது வழக்கம். எனக்கோ அந்த இரண்டாம் நாட் காலை மிகவும் முக்கியமாகப் படுகிறது. முதல் நாள் நேர்ந்தது ஆபத்து. மறுநாளும் அதே பயறு என்றால் அதற்கு என்ன பெயர்?

பால், தயிர், நெய், தேன், பட்டு, தோல் ஆகிய அனைத்தையும், அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பிராணியின் துன்பத்தின்மேல் நிற்கின்றன என்ற காரணம் பற்றி விலக்கிவிட்ட ஒருவர், இக்காலத்தில் வீகன் என்று வழங்கப்படுபவர், ஆயுள் முழுவதும் உண்ண வேண்டிய மருந்துக்குரிய சீட்டோடு மருத்துவரிடமிருந்து வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் முதலிய சிலர் கூடித் தோற்றுவித்த வீகன் சங்கம் இன்று தன் கொள்கைக்கு வகுத்துள்ள இலக்கணத்தில், இயன்ற அளவும் நடைமுறைக்குக் கூடிய அளவும் விலக்குவது என்று பொருள்படும் ஒரு வரம்பைச் சேர்த்தே வைத்திருக்கிறது. கொள்கையைப் பரிகசிப்பவர்கள் இதைத் தப்பி ஓடுவதற்கு வைத்த சந்து என்பார்கள். கொள்கையில் தீவிரமுள்ளவர்கள் சிலரும் உள்ளூர அப்படியே நினைப்பதனால்தான், மருந்து உண்ணும் தோழரைச் சற்றே இரக்கத்தோடும் சற்றே ஐயத்தோடும் பார்க்கிறார்கள்.

அவர் கையிலுள்ள மருந்து எதனால் ஆனது? கேப்ஸ்யூலின் உறை பெரும்பாலும் ஜெலட்டின். ஜெலட்டினோ மாடு, பன்றி ஆகியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. வெறும் மாத்திரையாயினும், மருந்துச் சத்து மிகச் சிறிய அளவினதாதலால், கையில் எடுக்கத்தக்க பருமனைத் தருவதற்குப் பாற்சர்க்கரையாகிய லாக்டோஸ் பலவற்றில் கலந்திருக்கிறது. அச்சில் ஒட்டாமைக்காகச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டீயரேட் தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம். மேற்பூச்சு அரக்குப் பூச்சியின் உபயமாக இருக்கலாம். இவை யாவும் புறத்தே உள்ளவை. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் என்னும் மருந்துக்கோ சத்தே பிராணியினுடையது. 1916-இல் பால்டிமோர் நகரத்தில் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர் நாயின் ஈரலை ஆராய்ந்தபோது கண்ட இப்பொருள், இன்று பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்பட்டு, இருதய அறுவையிலும் டயாலிஸிஸிலும் பயன்பட்டு வருகிறது. செயற்கையாக ஆக்கிய மாற்று ஒன்று உண்டு. ஆனால் அது எல்லா நோயாளிக்கும் எல்லா நிலைமைக்கும் பொருந்துவதில்லை. கணையம் கெட்டவர்கள் உணவு செரிப்பதற்காக ஒவ்வொரு வேளையும் உண்ணும் கேப்ஸ்யூலில் இருப்பதும் பன்றியின் கணையத்துச் சத்தே.

இவ்விடத்தில் தமிழ் வாசகர் நெஞ்சில் எழக்கூடிய தடை ஒன்று உண்டு. அதை மழுப்பிவிட்டுப் போவது நேர்மையாகாது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஊர் வழக்கு இளகினாலும் வள்ளுவர் இளகவில்லை. கொல்லாமையைப் பற்றிச் சொல்லுமிடத்தில், தன் பிராணனே போவதானாலும் வேறோர் உயிரைப் போக்கும் காரியத்தில் இறங்கலாகாது என்று அவர் கதவைச் சாத்திவிட்டார். நாம் கொல்லவில்லையே, விலை கொடுத்து வாங்குகிறோம், அவ்வளவுதானே என்று பக்கத்து வழியாக நுழையலாமென்றால், வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை என்னும் நியாயத்தைப் புலால் மறுத்தலில் வைத்து அந்த வழியையும் அடைத்திருக்கிறார்.

ஹெபரினுக்கென்று ஒரு பன்றியும் கொல்லப்படுவதில்லை, இறைச்சிக்காகக் கொன்றதன் குடல்தானே அது, நோயாளி மறுத்துவிட்டால் எந்தப் பன்றி பிழைக்கப் போகிறது என்று சமாதானம் சொல்லுவாருண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் கழிவுக்கும் விலை கிடைக்குமானால் கொலைத் தொழிலின் வருவாய் அந்த அளவு பெருகத்தான் செய்யும். அன்றியும், இந்தச் சமாதானம் எல்லா மருந்துக்கும் செல்லாது. 1907-இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையம் முதலான இடங்களில் வெறிநாய்க்கடிக்கு நெடுங்காலம் தயாரித்த தடுப்பு மருந்து ஆட்டின் மூளையிலிருந்து எடுக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் முந்தைய தலைமுறை நடுங்கியது அதை நினைத்துத்தான். அந்த ஆடுகள் இறைச்சிக்காக அல்ல, மருந்துக்காகவே மாண்டவை. பாம்புக் கடிக்குரிய மாற்று மருந்தும் அப்படியே: மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் இருளர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கம் பிடித்துத் தரும் நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரையின் உடம்பில் ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து எடுப்பது அது. குதிரை கொல்லப்படுவதில்லையாயினும் அதன் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. அப்படியிருந்தும், நடவு வயலில் கண்ணாடி விரியன் தீண்டிய ஒருவருக்கு, நீங்கள் தேனைக்கூட உண்பதில்லையே என்று நினைவூட்டி அந்த ஊசியைத் தடுக்க நான் துணியமாட்டேன். இதை வாசிப்பவர்களும் துணியமாட்டார்கள் என்றே நம்புகிறேன். ஆகையால் கழிவுப் பொருள் என்னும் வாதத்தை விட்டு, இன்னும் உறுதியான நிலத்தில் நின்று பேச வேண்டியிருக்கிறது.

அந்த நிலத்தை வள்ளுவரிடமே தேடலாம். கொல்லாமையும் புலால் மறுத்தலும் குறளில் அமைந்திருக்கும் இடம் துறவறவியல். மனைவியையும் மக்களையும் முதிய பெற்றோரையும் தன் உடம்பின் உழைப்பால் தாங்குபவனைப் பற்றி முன்னரே இல்லறவியலில் பேசி முடித்து, அந்தச் சுமைகளையெல்லாம் இறக்கி வைத்துவிட்டவனுக்கே தன்னுயிரையும் பொருட்படுத்தாத அந்த உச்ச நிலையை அவர் வகுக்கிறார். (இல்லறத்தார் ஆட்டிறைச்சி உண்ணலாம் என்று இதற்குப் பொருள் பண்ணிக்கொள்ளப் பலர் காத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், சோறும் குழம்பும் இருக்க ஆட்டைத் தேடுபவனுக்கு ஆபத்து எங்கிருந்து வந்தது?) சமணர்களும் இவ்வாறே படிநிலை வகுத்தார்கள். முனிவர் எவ்வகை ஹிம்சையையும் முற்றத் துறக்க, இல்லறத்தானோ வேண்டுமென்றே சங்கல்பித்துச் செய்யும் ஹிம்சையை அடியோடு விட்டு, அடுப்பு மூட்டுவதிலும் நிலம் உழுவதிலும் தன்னைக் காத்துக்கொள்வதிலும் தவிர்க்க முடியாமல் நேர்வதை இயன்றமட்டும் சுருக்க வேண்டுமென்பது அவர்கள் ஏற்பாடு. அதனினும் நுட்பமானது உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்குக் கூறும் இலக்கணம். உயிர் போவது மாத்திரம் அங்கே ஹிம்சையாகிவிடுவதில்லை, அசிரத்தையும் ஆசையும் கலந்த மனத்தின் தூண்டுதலால் அது போக்கப்படுவதே ஹிம்சை.

இனி அந்த இரண்டாம் நாட் காலைக்கு வருவோம். ஆபத்தர்மம் பேசும் சாஸ்திரங்களெல்லாம் ஆபத்து ஒருநாள் நீங்கிவிடும் என்று எண்ணியே பேசுகின்றன. மழை பெய்யும், பஞ்சம் தீரும், பிராயச்சித்தம் செய்துகொண்டு பழைய நெறிக்குத் திரும்பலாம். நீரிழிவு உள்ளவருக்கும், தைராய்டு சுரப்பி ஓய்ந்துவிட்டவருக்கும், வலிப்பு நோயுள்ளவருக்கும், மனம் கலங்கி மருந்தால் தெளிவு பெற்றவருக்கும் அப்படித் திரும்பும் நாள் ஒன்று குறிக்கப்படவில்லை. தினந்தோறும் வரும் ஒன்றை ஆபத்து என்று சொல்லிக்கொண்டு, தினந்தோறும் விரதபங்கம் செய்தவர்போலக் குறுகிக் குறுகி மாத்திரையை விழுங்குவதில் தர்மமும் இல்லை, ஆரோக்கியமும் இல்லை. பிரம்மசாரிக்கும் கிருகஸ்தனுக்கும் வானப்பிரஸ்தனுக்கும் வெவ்வேறு கடமைகளை வகுத்த மரபு, தீராத நோயுள்ளவன் நிலையையும் ஓர் ஆசிரமமாகக் கருதியிருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. அந்த ஆசிரமத்தில் மருந்து விதிவிலக்கு அன்று, நித்திய கர்மம். விரதம் அதைத் தழுவி நிற்கும்படியே எடுத்துக்கொள்ளத்தக்கது. அவ்வாறு எடுத்த விரதம் குறைந்த விரதமாகாது. ஏனென்றால் அந்த விரதம் எந்த நாளும் தன் உடம்பைத் தூய்மையாக வைத்துக்கொள்ள ஏற்பட்டதன்று, பிற உயிரின் துன்பத்தைக் குறைக்க ஏற்பட்டது. தூய்மையைக் குறிக்கோளாகக் கொண்டவனுக்கு ஒரு துளி லாக்டோஸும் தோல்விதான். துன்பத்தைக் குறைப்பதைக் குறிக்கோளாகக் கொண்டவனுக்கு அது ஒரு கணக்கு, அவ்வளவே.

ஆனால் நித்திய கர்மம் என்றவுடன் யோசிப்பதை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டால், அதற்கு விநயபிடகத்தில் ஒரு பயங்கரமான கதை இருக்கிறது. வாரணாசியில் சுப்பியை என்னும் உபாசிகை, பேதி மருந்துண்டு தளர்ந்திருந்த ஒரு பிக்ஷுவுக்கு இறைச்சிச் சாறு தருவதாக வாக்களித்தாள். அன்று கொலை மறுக்கப்பட்ட நாளாகையால் நகரெங்கும் இறைச்சி கிடைக்கவில்லை. சொன்ன சொல் தவறக்கூடாதென்று தன் தொடையையே அறுத்துச் சமைத்து அனுப்பிவிட்டாள். செய்தி அறிந்த புத்தர் அந்த பிக்ஷுவை வரவழைத்து, கொண்டுவந்தது என்ன இறைச்சி என்று விசாரித்தாயா என்று கேட்டார். இல்லை என்றதும் கடிந்துகொண்டார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதே மருந்துப் பகுதியில்தான் நோயுற்ற பிக்ஷுக்களுக்கு நெய்யும் தேனும் மாத்திரமன்றி, பன்றி, மீன் முதலியவற்றின் கொழுப்பையும் அவர் மருந்தாக அனுமதிக்கிறார். உண்டமைக்காக அன்று, விசாரியாமல் உண்டமைக்காகவே அந்தக் கண்டனம். உமாஸ்வாதி கூறிய அசிரத்தை இதுதான்.

காந்தியடிகளின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி பலமுறை வந்து நின்றது. கறவை மாடுகளிடம் அதிகப் பால் கறப்பதற்காகக் கல்கத்தாவில் கையாளப்பட்ட கொடிய முறையைப் பற்றிப் படித்தது ஒரு காரணமாக, 1912-இல் டால்ஸ்டாய் பண்ணையில் பாலை விட்டவர், சீதபேதியால் எலும்பும் தோலுமாகி, 1919-இன் தொடக்கத்தில் பம்பாயில் டாக்டர் தலாலின் சிகிச்சையில் இருந்தார். ஊசி மருந்துக்கு இசைந்தார், பாலுக்கு இசையவில்லை. விரதம் பசுவையும் எருமையையும் பற்றியதுதானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூரிபாய் சொல்ல, வாழ வேண்டும் என்ற ஆவலால் அதற்கு உடன்பட்டார். விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் ஆவியைக் கொன்றுவிட்டதாகச் சுயசரிதையில் தம்மையே நிந்தித்துக்கொள்ளுகிறார். ஆட்டுப்பால் குடித்ததில் நான் குற்றம் காணவில்லை. வேண்டியிருக்கிறது, ஆகையால் குடிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அது உஷஸ்தியின் பயறாக இருந்திருக்கும். சொல்லின் நிழலில் ஒதுங்கியதே அவரை ஆயுள் முழுவதும் உறுத்தியது.

அவருடைய வாழ்க்கையிலேயே இன்னும் எனக்கு ஒப்பாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1902-இல் பம்பாயில் பத்து வயது மணிலால் டைபாய்டும் நிமோனியாவும் கண்டு கிடந்தபோது, பார்ஸி மருத்துவர் ஒருவர் முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கச் சொன்னார், தந்தை மறுத்து நீர்ச் சிகிச்சை செய்தார், பையன் பிழைத்தான். பிழைத்தபடியால் நாம் இதைப் பக்தியோடு படிக்கிறோம். பையனையும் ஒரு வார்த்தை கேட்டதாக அவர் எழுதியிருந்தாலும், பத்து வயதில் தந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் சம்மதத்தை எவ்வளவு தூரம் சம்மதமாகக் கொள்வது? தென்னாப்பிரிக்காவில் நோயுற்றிருந்த கஸ்தூரிபாய் மாட்டிறைச்சிச் சாற்றை மறுத்தது வேறு. வயது வந்தவர் தம் உடம்பைப் பற்றித் தாமே முடிவு செய்தது அது. தன்னுயிரைத் தருவது விரதம். பிறருடைய உயிரைத் தன் விரதத்துக்குத் தருவதற்கு எந்த மரபும் இடம் கொடுக்கவில்லை.

மருந்தின் பாவக்கணக்கு என்றும் ஒரே நிலையில் நிற்பதுமில்லை. 1921-இல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களை அறுத்துத்தான் இன்சுலினைக் கண்டார்கள். அடுத்த ஜனவரியில் ஒரு 14 வயதுச் சிறுவன் அதை முதலில் பெற்றான். அதன்பின் அறுபது ஆண்டுக் காலம் மாட்டுக் கணையமும் பன்றிக் கணையமும் உலகத்து நீரிழிவுக்காரர்களைக் காத்தன. 1978-இல் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினை ஆக்கினார்கள். 1982-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று பிராணிகளின் இன்சுலின் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஜீவகாருண்யம் வென்றது என்று முழங்க எனக்கும் ஆசைதான். ஆனால் கணையம் போதாமற் போய்விடும் என்ற அச்சமும் சிலருக்கு நேர்ந்த ஒவ்வாமையுமே அதற்கு முக்கியக் காரணங்கள். பால் விலக்கியவர்களுக்கு இன்றியமையாத பி12 சத்தும் இப்போது நுண்ணுயிர்களை வளர்த்தே எடுக்கப்படுகிறது. 1926-ஐ அடுத்த ஆண்டுகளில் அச்சத்துக் குறைந்து சோகை கண்டவர்கள் நாள்தோறும் ஈரலைத் தின்று பிழைத்தார்கள். எனினும் முற்றிலும் தாவரத்தால் ஆன மாத்திரையும் எலியின்மீதும் நாயின்மீதும் சோதிக்கப்பட்டே வந்திருக்கும். அந்தப் பிராணிகள் இறந்துவிட்டன. இன்று நாம் மறுப்பதால் மீளமாட்டா. இனிவரும் மருந்துகளுக்கு வேறு வகைச் சோதனைகளையும் ஏற்கலாம் என்று 2022-இல் அமெரிக்காவிலும் 2023-இல் இந்தியாவிலும் விதிகள் திருத்தப்பட்டிருப்பது வருங்காலப் பிராணிகளுக்கு உதவக்கூடும்.

எது பயறு, எது தண்ணீர் என்று பிரித்துப் பார்ப்பதுதான் மிஞ்சும் வேலை. அதற்கு மனவுறுதியைவிட மருத்துவரின் துணை அதிகம் வேண்டும். டயாலிஸிஸில் ஏறும் ஹெபரின் பயறு. வேறொரு மருந்து மாத்திரையாகவோ தாவர நாரினால் ஆன உறையிலோ கிடைக்கும்போது அதையே ஜெலட்டின் உறையில் வாங்குவது தண்ணீர். விளம்பரத்தைப் பார்த்து வாங்கும் மீனெண்ணெய்க் குளிகையும் பெரும்பாலும் தண்ணீரே. ஆனால் உறையைப் பிரித்துத் தூளை மட்டும் உண்ணலாம் என்று தாமாகத் துணிபவர்கள், சில தூள்கள் வயிற்றின் அமிலத்தில் கெட்டுவிடும் என்பதையும், குடலில் சென்று கரையும்படியே உறை அமைக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது முன்னைவிடக் கொடிய வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடும்.

பிரித்துப் பார்க்க முதலில் தெரிய வேண்டுமே. நம் நாட்டில் பிஸ்கட் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி உண்டு, மருந்து அட்டையில் இல்லை. உயிர்காக்கும் மருந்துகள் நீங்கலாக மற்ற மருந்துகளிலும் அழகுசாதனங்களிலும் இத்தகைய குறி வேண்டும் என்று 2002-இல் டில்லி உயர் நீதிமன்றம் விதித்ததை, 2013-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. உயிருக்குப் போராடுகிறவனை அந்த நேரத்தில் தயக்கத்தில் ஆழ்த்தக் கூடாது என்பது அந்த விலக்குக்குரிய நியாயமானால், அதை நான் ஒப்புக்கொள்ளுகிறேன். அதற்காக அந்தச் செய்தியை எவரும் எப்போதும் அறியவேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள இயலவில்லை. மருந்துக் கடையில் கேட்டால் விடை கிடைப்பது அரிது. தயாரிப்பாளருக்கு எழுதித்தான் கேட்க வேண்டும். ஸ்டீயரேட் எதிலிருந்து, உறை எதிலிருந்து, மாற்று உண்டா என்று மூன்று வரி போதும். அந்தக் கடிதத்தை நோயாளியே எழுத வேண்டும் என்பதில்லை. அவர் ஏன் இன்னும் அந்த மாத்திரையை உண்கிறார் என்று வியந்துகொண்டிருக்கும் திடகாத்திரமான நண்பர்கள் எழுதலாம்.